ரவுண்டபோட்டில் நெர புடிக்கிறவர்கள்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா போகும் பஸ். முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர். பக்கத்தில், மடியில் வரைபடச் சுருளோடு வீதி எஞ்சினியர்.

"ஒங்க ரவுண்டபோட்டுல நாளைக்கு நாங்க நெர புடிக்கப் போறோம், சேர்."

"அது ஒங்க பாதுகாப்புக்குத்தாம்மா போட்டது. இப்ப நெரிசலே இல்லையே."

"வண்டிக்கு இல்ல. முந்தி சந்தியில வண்டி நிக்கும். நாங்க கொழுந்து மூட்டையோட எதிர்ப்பக்கம் நிறுக்கப் போயிருவோம். இப்ப எவன் நிக்கிறான்? நேத்து என் தங்கச்சிய ஒரு வேன் ஒரசிட்டுப் போச்சு."

சந்தியில் புதிதாகப் போட்ட அந்தச் சுற்றுவட்டத்தைப் பாராட்டிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவன் நான். பின் இருக்கையில் தூங்குவதுபோல் கிடந்தேன்.

"ஆளுங்க தாண்டுற மஞ்சக் கோடு பிளான்ல இருக்கு. அடுத்த வருஷம் போடுவோம்."

"அதுவரைக்கும் கொழுந்து காத்திருக்குமா? மலையில ஆளுக்கொரு நெர புடிச்சு, பக்கத்துல பக்கத்துல நின்னுதானே பறிக்கிறோம். ரோட்டையும் அப்படித்தான் தாண்டுவோம். ஒருத்தி பின்னால ஒருத்தி இல்ல, பதினஞ்சு பேரும் ஒண்ணா."

"வண்டியெல்லாம் நின்னுருமேம்மா!"

"நிக்கணும்னுதான் சேர்."

எஞ்சினியர் சுருளை விரித்துப் பேனாவை எடுத்தார்.

"எந்த எடத்துல தாண்டுவீங்க?"

அந்த அம்மா விரலை ஊன்றினார்.

"இங்க. நீங்க கோடு போட்டாலும் சரி, போடாட்டியும் சரி."