கடலைக் காட்டுப் பன்னியும் ஏலத்துப் பிஸ்டலும்

நிலக்கோட்டை பஸ்ஸில் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே, பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் தன் மச்சினனிடம் புலம்பிக்கொண்டு வந்தார்.

"முனையில குழி வச்ச தோட்டாதான் பன்னியச் சாய்க்கும் மாப்ள. திண்டுக்கல்லுல ஒரு கடைக்காரன் குடுத்தான். மிலிட்டரி ஏலத்துல எடுத்த நம்ம பிஸ்டலுக்குள்ள அது போயிச் சிக்கிக்கிருச்சு. வேற நல்ல தோட்டா எங்க தேடியும் கெடைக்கல."

"அப்ப, கடலைக் காட்டுல பன்னியச் சுடலையா மச்சான்?"

"அமுக்கு அமுக்குன்னு அமுக்குறேன், வெடிக்கல. அது கடலைய மென்னுக்கிட்டே என்னையப் பாக்குது!"

"பெறகு?"

"ஒங்க அக்கா வந்து தகரத்தைத் தட்டுனா. ஓடிருச்சு."



"தோட்டாவ விடுங்க. லைசென்ஸை அக்கா பேருக்கு மாத்திருங்க மச்சான்."