கூட்டாட்சியும் மூணு நாள் தண்ணியும்

மன்னார்குடி பஸ்ல எனக்கு முன் சீட்டுல ஒரு ஆளும் ஒரு அம்மாவும் பேசிட்டு வந்தாங்க. ஒரே வாய்க்கால்ல அவரு வயலு தண்ணி மொதல்ல பாயுற தலைமடை, அந்தம்மா வயலு கடைசியில இருக்குற கடைமடைன்னு பேச்சுலேயே தெரிஞ்சுபோச்சு.

"கூட்டாட்சி கூட்டாட்சின்னு டிவில கத்துறாங்களே, அப்படின்னா என்ன தம்பி?"

"டெல்லியும் மாநிலமும் அதிகாரத்தப் பங்கு போட்டுக்கிறதுதான்க்கா. இங்கிலீஷ்ல பெடரல்ம்பாங்க. அந்த வார்த்தையே லத்தீன்ல ஒப்பந்தம்ங்கிறதுலேருந்து வந்துச்சாம். காலேஜ் படிக்கிற எம்பொண்ணு சொல்லுச்சு."

"ஒப்பந்தத்தப் பெரியவன் மீறுனா?"

"சின்னவன் கேக்கணும். கேட்டா குடுத்துதான் ஆகணும்."

"அப்ப நான் கேக்குறேன். மூணு நாள் உங்களுக்கு, அடுத்த மூணு நாள் எங்களுக்குன்னுதானே மொறை வச்சோம்? இன்னிக்கு அஞ்சாம் நாளு. உங்க மடை தொறந்தே கெடக்கு. என் நாத்து காயுது தம்பி."

அந்த ஆளு சன்னல் பக்கம் திரும்பிட்டாரு. நான் ஒரு காலத்துல இதே மாதிரி கேக்கப்போயி, வரப்புலேயே கைகலப்பாகி, முன்பல்லு ஒண்ணு போச்சு. அதனால பயந்துகிட்டே காதக் குடுத்தேன். பஸ் வடுவூர் தாண்டுச்சு. அப்பறம் அவரு போன எடுத்தாரு.

"முருகேசா, மடைய அடைச்சுடு. ஆமாடா, மேல வயலு இன்னும் நனையலதான். நம்ம மொறை வரட்டும், பாத்துக்கலாம்."