கத்தி தீட்டுகிற புருஷன்

செஞ்சியில் மெட்ராஸ் பஸ் மேல் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, முன் சீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"பொண்டாட்டி பெட்டி கட்டுறா, புருஷன் கத்தி தீட்டிக்கினு இருக்கறான். குத்திடுவானா?"

நான் பாதி எழுந்து, காலால் செருப்பைத் துழாவி, இறங்கி ஓடத் தயாராகிவிட்டேன். மீசை நரைத்த வீரன் நான்! அப்புறம்தான் முன் சீட்டுக்காரர் கையிலிருந்த புத்தகம் தெரிந்தது. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும் மனைவியை வழியனுப்ப ஏறியவர், அவளுடைய பாட நாடகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் உட்கார்ந்தேன்.

"இல்லீங்க, குத்த மாட்டான். போவாதன்னு சொல்ல வாய் வரல. அதான் தீட்டுறான்," என்றாள் மனைவி.

"அப்பிடின்னு எங்க எழுதியிருக்குது?"

"எழுத மாட்டாங்க. இந்த மாதிரி நாடகத்துல வாய் பேசறத மட்டும் படிச்சா ஃபெயிலுதான். கை இன்னா பண்ணுதுன்னு பாக்கணும்."

"வாயாலயே சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா அவ ஆசை கெட்டுடும். சொல்லலன்னா அவ போயிடுவா. நாடகமே அதானுங்க."

"அவளுக்கு அது புரியுதா?"

"அதத்தான் பரீட்சைல கேப்பாங்க."

கண்டக்டர் விசில் ஊதினார். "அனுப்ப வந்தவங்கல்லாம் எறங்குங்க!"

அவர் புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். கெட்டியாகக் கட்டியிருந்த படுக்கைச் சுருளின் கயிற்றை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

"யோவ், எறங்குய்யா!"

அவள் அவர் கைமேல் கை வைத்தாள்.

"பொங்கலுக்கு வந்துடுவேங்க."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"கேட்டீங்க," என்றாள்.