குளத்து மோட்டாரின் சத்தம்

குளத்துக்கு வைக்கும் மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்குவதைவிட வெளியே வைப்பதுதான் நல்லது. பழுது பார்க்கும்போது கையை நனைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு மோட்டார் வெளியில்தான் இருந்தது. சுவரோரம், ஒரு மரப்பெட்டிக்குள். வைத்துக் கொடுத்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

குளம் என்று சொல்கிறோமே தவிர, அது தோட்டத்தில் கட்டிய தொட்டி. முழங்காலளவு தண்ணீர், கொஞ்சம் மீன்கள், சுற்றிலும் அடுக்கிய கற்கள். என் மனைவிக்கு அதுதான் உலகம். மோட்டாருக்குள் இலைதழை போகாமல் தடுக்க ஒரு சல்லடைக் கூடை உண்டு. வாரம் தவறாமல் அதைக் கழற்றிக் கழுவுவாள். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். குளத்தடியில் இருந்தால் எல்லாவற்றுக்கும் கூப்பிடுவாள். தவளை வந்திருக்கிறது, வந்து பார். துண்டை எடுத்து வா. ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். குளத்துக்கு நேர் மேலே மாடியறை, ஜன்னலோரம் என் மேசை. வேலைக்கு நடுவில் ஒருவன் எத்தனை தடவை எழுந்து போவான்?

போன வருடக் கடைசியில் ஒருநாள் அவள் உள்ளே இறங்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்தாள். கரைக்கல் சரிந்து இடுப்பில் விழுந்தது. எழ முடியவில்லை. முழங்காலளவு தண்ணீர்தான். விழுந்து கிடப்பவளுக்கு அது போதும். உடனே யாராவது தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். நான் மாடியில் இருந்தேன். மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. எல்லாரிடமும் அதைத்தான் சொன்னேன். உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தவரும் அதைத்தான் எழுதிக்கொண்டார். அன்று காலை எங்களுக்குள் சின்னதாக ஒரு மனத்தாங்கல். அதை அவர் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் சொன்னதை மச்சான் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் போனதற்கு முந்தின வாரம்தான் அவர் அந்த மோட்டாருக்கு பேரிங் மாற்றியிருந்தார். கடையில் கிடந்த மட்டமான சரக்கைப் போட்டுவிட்டோம், அது உடனே தேய்ந்து மோட்டார் கத்தியிருக்கிறது, அதனால்தான் தங்கச்சி கூப்பிட்டது மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று அவராகவே முடிவு கட்டினார். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசும் மனிதர், வாயடைத்துப் போனார். கடையைப் பாதி நாள் திறப்பதில்லை. என் முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டார், சுவரோடு ஒட்டி நிற்பார். ஒருமுறை என் காலைத் தொட வந்தார். தோளைப் பிடித்துத் தூக்கி, மன்னித்துவிட்டேன் மச்சான் என்றேன்.

இந்த மாதம் சத்தம் தெருவுக்கே எட்டியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல. பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்க மாப்பிள்ளை தோட்டத்துல ஜல்லி உடைக்கிறாரா என்று மச்சானுக்கே போன் போட்டுவிட்டார். நான் கூப்பிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை முற்பகலில் வந்தார். சட்டைப்பையில் புது பேரிங் வைத்திருந்தார், இருப்பதிலேயே உயர்ந்த ரகம். ஓடுகிற மோட்டாரின் முன் மண்டியிட்டு, திருப்புளியின் முனையை பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, பிடியை ஒரு காதில் ஒட்டிக்கொண்டார். மறுகாதை உள்ளங்கையால் பொத்தினார். உள்ளே நடப்பது அப்படித்தான் கேட்குமாம். வெகுநேரம் கேட்டார்.

"மாப்ள, பேரிங் பாட்டுப் பாடுது. ஒரு கொறையும் இல்ல."

மோட்டாரை நிறுத்திவிட்டுக் கூடையைத் திறந்தார். இலையும் வேரும் சேறும் கட்டியாக அடைத்திருந்தன.

"இத யாருமே கழுவலையா?"

"இல்ல மச்சான்."

"அவ போனதுலேருந்தா?"

"ஆமா."

கூடை அடைத்தால் தண்ணீர் வராது, மோட்டார் காற்றை உறிஞ்சிக் கத்தும் என்றார். அடைப்பைத் தோண்டித் தரையில் போட்டார். கழுவி மாட்டி, தண்ணீர் ஊற்றி நிரப்பி, சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மீன் வாலடிப்பது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ தட்டு கழுவுவது கேட்டது.

அவர் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"என் பேரிங் இல்ல மாப்ள. நான் கொல்லல."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கூடையைப் பார்த்தார். "ஆனா அவ இருந்தவரைக்கும் கூடைய அடைக்க விட்டதே இல்லையே. அப்ப அன்னைக்கு…" என்று நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நீ மேல போய் உன் நாற்காலில உக்காரு. நான் கூப்பிடறேன். கேக்குதான்னு பாப்போம்."

போய் உட்கார்ந்தேன். அவள் கிடந்த இடத்திலிருந்து கூப்பிட்டார். கத்தவில்லை. மாப்ள என்று ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. அறைக்குள் நின்று கூப்பிடுவதுபோல இருந்தது. இறங்கி வந்தேன். படிக்குப் பக்கத்தில் அவர் பை திறந்து கிடந்தது. மேலாகப் பெரிய பைப் ரெஞ்ச் இருந்தது, எடுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டுச்சா?"

"கேக்கல."

என் முகத்தையே பார்த்தார். பிறகு நம்பிவிட்டார். அதுதான் அவர் சுபாவம்.

"அப்ப எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சு போல. இரு, இன்னொரு தடவ பாக்கறேன்."

மறுபடி மண்டியிட்டார். ஒரு காதில் திருப்புளி, மறுகாதில் உள்ளங்கை, கண்கள் மூடியிருந்தன. நம்பியவரை அதோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அவர் வேலையில் கெட்டிக்காரர். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருந்தால் தப்பான முடிவுக்கு வந்திருப்பார்.

ரெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து அடித்தேன். பொத்தியிருந்த கை குறுக்கே இருந்ததால் முதல் அடியில் விரல்கள்தான் உடைந்தன. மாப்ள என்றார், சந்தேகம் கேட்பதுபோல. அடுத்த அடியில் மண்டை விட்டுக்கொடுத்தது கையில் தெரிந்தது. கரைக்கற்களின் மேல் சாய்ந்தார். இன்னும் மூச்சு இருந்தது. மோட்டார் அத்தனை அமைதியாக இருந்ததால் அந்த மூச்சு தோட்டம் முழுக்கக் கேட்டது. தலையைத் தண்ணீருக்குள் தள்ளி, பிடரியில் முழங்காலை வைத்து அழுத்தினேன். அவர் கால்கள் மண்ணைக் கீறின. மீன்கள் இரை என்று நினைத்து வந்தன.

கால்கள் நின்றதும் மோட்டாரை நிறுத்தி, தரையில் கிடந்த அடைப்பை அள்ளிக் கூடைக்குள் பழையபடி திணித்தேன். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் கத்தத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது என்று உங்கள் ஆளே சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் போன அன்றும் அது இப்படித்தான் கத்தியது. மூன்று தடவை கூப்பிட்டாள். இந்தச் சத்தத்தில் ஒரு தடவைகூட என் பெயர் முழுதாகக் கேட்கவில்லை.