இடது பக்க ஹோல்டர்

இல்ல இல்ல, கையை இன்னும் உள்ள விடுங்க தம்பி. முழங்கை வரைக்கும் போனாப் பத்தாது, தோள் வரைக்கும் போகணும். கன்னத்தை அப்படியே படகு மேல சாச்சுக்குங்க, தொடச்சுதான் வெச்சிருக்கேன். ஆங்... ஸ்க்ரூ நுனி விரல்ல தட்டுதா? அதுல நட்டை மாட்டி ஸ்பேனரால பிடிச்சுக்குங்க. நான் மேலேருந்து திருகுறேன், நீங்க கீழ அசையாமப் பிடிங்க. நாலு ஸ்க்ரூ, நாலு நட்டு, அவ்வளவுதான் வேலை. விட்டுடாதீங்க மட்டும். விட்டா உள்ள உருண்டு ஓடிரும், அப்புறம் கயாக்கையே தலைகீழாப் புரட்டிக் குலுக்கணும்.

ட்ரில்லோட நீங்களே வந்து நிப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. உங்கம்மாதான் சொன்னாங்க, என் பையன்கிட்ட நல்ல ட்ரில் இருக்கு, அவனையே அனுப்புறேன், பிடிச்சுக் குடுப்பான்னு. அவங்களுக்குப் பெரிய மனசு.

இதுக்கு முன்னாடி எதை வெச்சு ஓட்டை போட்டேனா? சிரிக்காதீங்க. கடையில பல்லைத் தேய்க்கிற மெஷின் இருக்கே, அதுலதான். பல் செட்டு செய்யுறவன் கையில வேற என்ன இருக்கும் சொல்லுங்க? அது கடுகு அளவுக்குத்தான் ஓட்டை போடும். கடுகு கடுகா வட்டமாப் போட்டு, நடுவுல இருக்கறதைத் தட்டி எடுத்தேன். ஒரு பெரிய ஓட்டைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போச்சு. அதுவும் படகு மல்லாந்து கெடந்துச்சா, பழக்க தோஷம், நடுவுல ரெண்டு தடவை வாயை நல்லாத் தெறங்கன்னு வேற சொல்லிட்டேன்.

எந்த பிங்க்கு? ஓ, அதைப் பாத்துட்டீங்களா. அது ஈறு தம்பி. ஆமா, பல் செட்டுல ஈறு செய்வோம்ல, அந்தப் பசை. தப்பான எடத்துல போட்ட ஓட்டையை எதையாவது வெச்சு அடைக்கணும்ல? கடையில அது நெறைய இருந்துச்சு. பிளாஸ்டிக்குல ஒட்டாதுங்கறீங்களா? ஒட்டலதான். மொதல்ல வெச்சது நடு ஏரியில பொத்துன்னு விழுந்து, அடியில ஜில்லுன்னு ஆயிருச்சு. அப்புறம் புத்தி வந்து, உள்ளயும் தலை வெளியயும் தலைன்னு காளான் மாதிரி செஞ்சு, சுத்தி சிலிகான் பூசிட்டேன். இப்ப ஒரு சொட்டு எறங்காது. பாக்கத்தான், படகுக்கு அங்கங்க பல்லு விழுந்த மாதிரி இருக்கு.

ம், மொத ஸ்க்ரூ டைட்டு. அடுத்ததுக்குப் போங்க.

இந்த ஹோல்டர் என்னமோ சின்ன சமாச்சாரம்னுதான் நானும் நெனச்சேன். ஒரு குழாய். தூண்டில் கம்பை அதுல சொருகிட்டா ரெண்டு கையும் துடுப்புக்கு ஃப்ரீ. அதுக்கு என்ன பெரிய கணக்குன்னு, இதே ஷெட்டுல, இதே சிமெண்ட் தரையில கயாக்கைப் போட்டு, முதுகுக்குத் தலகாணி வெச்சு ஏறி உக்காந்தேன். கையில டீ. கை எங்க சொகமாப் போய் விழுதோ அங்க பேனாவால வட்டம் போட்டு, மாட்டியாச்சு. ஏரிக்குப் போனா, மொத வலி வலிக்கிறேன், துடுப்பு போய் கம்பை அடிக்குது, கம்பு வந்து என் மூக்குக்கண்ணாடியை அடிக்குது, கண்ணாடி தண்ணிக்குள்ள. டீ குடிக்கறதுக்கு அதைவிடத் தோதான எடம் கெடையாது தம்பி. மீன் பிடிக்கத்தான் ஆகல.

சரி, துடுப்பு படாத எடம் எது? முதுகுக்குப் பின்னாடி. அங்க மாட்டினேன். அன்னைக்குன்னு பாத்து ஒரு மீனு கடிச்சு இழுக்குது. பின்னாடி கம்பு வில்லா வளையுது, எனக்குக் கை எட்டல. இடுப்பைத் திருப்பி, கழுத்தைத் திருப்பி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு... படகும் என்கூடவே திரும்பிருச்சு. நான் மீனைப் பிடிக்கப் போய், மீனு என்னைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போயிருச்சு. மேல வந்து பாத்தா கம்பையும் காணோம், மீனையும் காணோம்.

அதுக்கப்புறம்தான் நம்ம தொழில் மூளை வேலை செஞ்சுது. பல் செட்டு மாட்டினதும் ஒரு நீலத் தாளைக் குடுத்துக் கடிக்கச் சொல்வோம், தெரியுமா? எங்க இடிக்குதோ அங்க நீலம் ஒட்டும். அந்த எடத்தைத் தேய்ச்சு விட்டாப் போதும். அதே தாளைத் துடுப்பு பூரா சுத்தினேன். சுத்திட்டு இங்க உக்காந்து வலிச்சேன். ஆமா, தரையிலதான். வேர்க்க வேர்க்க வலிக்கிறேன், மேல் வீட்டம்மா ஜன்னல்லேருந்து எங்க கெளம்பிட்டீங்கன்னு கேக்குறாங்க. மார்க்கெட்டுக்குன்னேன், ஏதாவது வேணுமான்னும் கேட்டேன். அவங்களும் ஜன்னலைச் சாத்திட்டாங்க. ஆனா எறங்கிப் பாத்தா, எங்கெங்க நீலமோ அங்கெல்லாம் துடுப்பு படும், நீலம் இல்லாத எடம் நமக்கு. அப்படி வெச்சதுதான் வலது முட்டிக்கு முன்னாடி இருக்கே, அது. அச்சு அசல் பொருந்திச்சு. என் மூக்குலயும் நீலம் இருந்துச்சு, அது எப்படின்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ரெண்டாவதும் டைட்டு. கை மரத்துப் போச்சா? இன்னும் ரெண்டே ரெண்டுதான்.

என்னது? ஏன் இதை மட்டும் இடது பக்கம் வெக்கிறேனா? சொல்றேன், சொல்றேன். மொதல்ல இந்த மூணாவது நட்டைப் பிடிங்க. இது கொஞ்சம் மூலையில இருக்கும். நாளைக்குக் காலையில ஒருத்தங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன் தம்பி. அதுக்குள்ள இது நின்னுரணும். இதுவும் சொதப்புச்சுன்னா அவங்க முன்னாடி நான் தலையத் தூக்க முடியாது. முன் சீட்டு அவங்களுக்கு.

இல்ல, கூட்டாளியெல்லாம் இல்ல. எனக்கு ஏது மீன்பிடிக் கூட்டாளி? இந்த ரெண்டு சீட்டுக் கயாக்கை வாங்கினப்போ எல்லார்கிட்டயும் கடையில இதுதான் இருந்துச்சுன்னு சொன்னேன். பொய். ஒத்தை சீட்டும் இருந்துச்சு, வெலையும் கம்மி, தூக்கவும் லேசு. கடைக்காரர் அதைத்தான் எடுத்துக்கச் சொன்னார். நான்தான் ரெண்டு சீட்டே குடுங்கன்னு நின்னேன். பாத்ரூம்ல ஒத்தை பிரஷ் நிக்கறதைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு தம்பி. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சிரிக்கப் பல்லு செஞ்சு குடுக்கறேன், வீட்டுக்குப் போனா சிரிச்சுப் பேச ஆளில்ல. சரி விடுங்க, அது வேற கதை.

அவங்க இடதுகைக்காரங்க. அதான் இடது பக்கம். வேற ஒண்ணுமில்ல.

மூணும் ஆச்சு. கடைசி ஒண்ணு.

எப்படித் தெரியும்னா... கண்ணாடி தம்பி. பல்லுக்குக் கேப்பு மாட்டி முடிச்சதும் எல்லார்கிட்டயும் கைக்கண்ணாடியை நீட்டுவேன், பாத்துக்குங்கன்னு. எல்லாரும் வலது கையால வாங்குவாங்க. அவங்க இடது கையால வாங்கினாங்க. நூலைப் பல்லால கடிச்சுக் கடிச்சே முன்பல்லை ஒடச்சுக்கிட்டு வந்தவங்க. கத்திரிக்கோல் இருக்கறப்போ ஏன் பல்லால கடிக்கிறீங்கன்னு கேட்டேன். ஊர்ல இருக்கற கத்திரிக்கோலெல்லாம் வலதுகைக்காரங்களுக்குச் செஞ்சதுன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்துட்டாங்க. அடுத்த தடவை வரும்போது ஒரு இடது கைக் கத்திரிக்கோல் தேடி வாங்கி வெச்சிருந்தேன். அதுக்கப்புறம் பல்லுல ஒண்ணும் கோளாறு இல்ல, ஆனாலும் வந்தாங்க. நானும் எதையாவது தேய்ச்சு விட்டேன். இனிமே தேய்க்கப் பல்லுல எடமில்லன்னு ஆனப்புறம்தான் டீ குடிக்க ஆரம்பிச்சோம்.

தம்பி, பல்லைக் கடிக்காதீங்க. கன்னத்துல தாடைச் சதை துடிக்குது பாருங்க. மத்தவங்க கோவத்தை மூஞ்சியில பாப்பாங்க, நான் தாடையிலதான் பாப்பேன். அப்படிக் கடிச்சா கடவாப்பல்லு தேஞ்சுரும்.

ஆமா. உங்க வீட்டுத் தையல் மெஷின் மேல இருக்கே, பச்சைப் பிடி போட்ட கத்திரிக்கோல். அதுதான்.

உங்கம்மாதான் தம்பி நாளைக்கு வர்றவங்க.

ட்ரில் எல்லாம் ஒரு சாக்கு. பக்கத்துத் தெருவுல வாடகைக்கே கெடைக்கும். ஏரிக்கு வர்றீங்களான்னு கேட்டதுக்கு உங்கம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. மொதல்ல என் பையன்கிட்ட சொல்லுங்க, அப்புறம் ஏறுறேன்னாங்க. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டதுக்கும் சேத்துதான் அந்தப் பதில். நீங்களே சொல்லிடுங்களேன்னு கெஞ்சினேன். அவங்க கேக்கல, நான் அனுப்புறேன், நீங்க சொல்லுங்கன்னு அனுப்பிட்டாங்க. எனக்கு உங்களைப் பாத்தா பயம் தம்பி. அதான் கை உள்ள மாட்டியிருக்கறப்போ சொல்லலாம்னு...

ஐயோ. என்ன சத்தம் அது? நட்டா? விழுந்துருச்சா?

பரவாயில்ல, பரவாயில்ல, விழட்டும். உருண்டுக்கிட்டே போகுது கேளுங்க... ம், நின்னுருச்சு. நீங்க வேணா கைய எடுத்துக்கலாம். ட்ரில்லையும் எடுத்துட்டுப் போறதுன்னாப் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்கப்பா இப்ப இல்லங்கறதுக்காக அவரு எடத்துல போய் உக்காரணும்னு நான் நெனைக்கல தம்பி. அவரு எடம் அவருக்குத்தான். நான் பின் சீட்டுலதான் உக்காருவேன்.

...

என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க, கன்னம் படகுல அமுங்கியிருக்கு, பேச்சு குழறுது.

தப்பா? எது தப்பு? ஓ... ஹோல்டரா?

ஒசரமா? இல்லையே, அளந்துதானே வெச்சேன். அவங்களை உக்கார வெச்சு அளக்க முடியாதே, இன்னும் படகுல ஏறலயே. கடை மேசை மேல கை வெப்பாங்கல்ல, அந்த ஒசரத்தை மனசுல வெச்சு... என்னது? இடது தோள் வலியா? கையை அவ்வளவு மேல தூக்க மாட்டாங்களா? எத்தனை நாளா? என்கிட்ட சொல்லவே இல்லையே தம்பி! பல்லுவலி மட்டும்தான் சொல்லுவாங்க. அப்ப துணி வெட்டறப்பல்லாம் வலிச்சுக்கிட்டா இருக்கு?

எவ்வளவு எறக்கணும்? ரெண்டு விரலா? உங்க விரலா, என் விரலா? சரி, உங்க விரலே வெச்சுக்குவோம், அவங்களைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். இருங்க, பேனா எடுக்கறேன். அசையாதீங்க... அப்படியே வட்டம் போட்டுக்கறேன்.

இப்ப கைய எடுங்க, போதும். ட்ரில்லை நீங்களே பிடிங்க. இந்தப் பழைய ஓட்டையெல்லாம் நான் அடைச்சுக்கறேன். ஆனா என்கிட்ட பிங்க்குதான் இருக்கு தம்பி, உங்கம்மாகிட்ட நீங்கதான் சொல்லி வெக்கணும்.