இரவல் மருந்துச்சட்டி

— யோவ், கொட்டையோடவா இலந்தைப்பழத்தைக் கஞ்சியில போடுற? உடம்புக்குச் சூடுய்யா. கீறி எடு.

— எடுக்கிறேன், எடுக்கிறேன். பத்து நாளா படுக்கையில கிடந்தவ, எந்திரிச்சதும் அதிகாரம் பண்ண வந்துட்டா.

— எனக்கே நம்ப முடியல, ஷெக். நேத்து சாயங்காலத்தோட இருமல் நின்னு போச்சு. நெஞ்சைக் கழுவி விட்ட மாதிரி இருக்கு. கட்டில் கால்மாட்டுல ஈரக் காலோட ஒரு ஆளு உட்கார்ந்திருந்தானே, அவனையும் காணோம்.

— காய்ச்சல்ல கண்டது. ஆளும் இல்ல, கீளும் இல்ல.

— சரி விடு. தாமரை விதைக்குள்ள பச்சைக் குருத்து இருக்கும், கிள்ளிப் போடு, கசக்கும். வெள்ளைக் காளான் ஊறிருச்சா? அது சரி, எதுக்கு அலுமினியப் பாத்திரத்துல வைக்கிற? எனக்கு மருந்து காய்ச்சப் பக்கத்து வீட்டு குவாய் அக்காகிட்ட இரவல் வாங்கின மண்சட்டி எங்க?

— திருப்பிக் குடுத்துட்டேன்.

— என்னது?

— நேத்து மத்தியானம். கழுவித் துடைச்சு அவ அடுப்பு மேலேயே வச்சுட்டு வந்தேன். அடுத்தவ சாமான் நமக்கெதுக்கு? நாளைக்கு விரிசல் விட்டிருக்குன்னு சொல்லுவா. எவளை நம்புறது?

— அடப் பாவி! மருந்துச்சட்டியை யாராச்சும் திருப்பிக் கொண்டுபோய்க் குடுப்பாங்களா? வேணும்னா குடுத்தவங்களே வந்து எடுத்துக்கணும். நாம தூக்கிட்டுப் போனா சட்டியோட சீக்கும் போகும். இந்த ஷுன்டாக் கரையில சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!

— நான் படகுல பொறந்தவன். கரைக்காரங்க சங்கதி எனக்கென்ன தெரியும்?

— ஷ்ஷ்... கேளு. சுவருக்கு அந்தப் பக்கம்.

— இருமுறா. அதுக்கென்ன?

— ரெண்டு வறட்டு இருமல். அப்புறம் மூச்சுல ஒரு விசில். ஷெக்... அது என் இருமல்.

— எல்லார் இருமலும் ஒண்ணுதான்.

— குவாய் அக்கா! என்னக்கா ஆச்சு?

— ஒண்ணுமில்லடி யீமேய், சளி. நேத்து சாயங்காலம் புடிச்சது. ஷெக் அண்ணன் இனிப்புக் கஞ்சி வச்சுத் தர்றேன்னாரு, பாவம். ஏண்டி, எனக்குத் துணையா யாரையாச்சும் அனுப்பினியா?

— இல்லையேக்கா. ஏன்?

— கட்டில் கால்மாட்டுல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு. காலெல்லாம் ஈரம்டி. தரை நனையுது.

— ஷெக்... கேட்டியா?

— கேட்டேன். கற்கண்டை எங்க வச்ச?

— கற்கண்டு கிடக்கட்டும். நீ போய் அந்தச் சட்டியை எடுத்துட்டு வா. சட்டி இங்க வந்துட்டா அவன் அவளை விட்டுருவான்.

— விட்டுட்டு யார்கிட்ட வருவான்?

— என்கிட்டதான். வரட்டும். எனக்கு நீ இருக்கே. அவளுக்கு யாரு இருக்கா? கேட்ட உடனே மறு பேச்சில்லாம சட்டியைத் தூக்கிக் குடுத்தவய்யா.

— முடியாது.

— மெதுவாப் பேசு, அவளுக்குக் கேக்கும். நீ தெரியாமச் செஞ்சதுதானே? உன்னை யாரும் குத்தம் சொல்லப் போறதில்ல. இப்போதான் தெரிஞ்சு போச்சே, போ.

— உட்காரு, யீமேய். எங்க அம்மா எப்படிச் செத்தான்னு உனக்கு நான் சொன்னதே இல்ல. பக்கத்துப் படகுக்காரன், எங்ககிட்ட வாங்கின மருந்துச்சட்டியை நல்லாக் கழுவித் துடைச்சு, அவனே கொண்டாந்து வச்சுட்டுப் போனான்.