இரண்டாம் முறை ஏறிய ஐந்து மாடி

தாம்பரம் நோட்டரி வழக்கறிஞர் சங்கத்தைத் தோளில் தாங்கி நடத்தும் தலைவர் சின்னப்பன் ஐயா அவர்களே! முத்திரை பிடித்து விரல் முதிர்ந்த மூத்தவர்களே! தட்டச்சுப் பலகையில் தாளமிடும் தோழர்களே! பெரும்பாக்கத்திலிருந்து பேருந்து மாறி வந்து, முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட என் தாய்மார்களே! உங்கள் ஈவ்லினின் அன்பு வணக்கம்.

சங்கத்தின் புதிய விதியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விதிக்கு முன்னால் ஒரு தவறைப் பற்றிப் பேச வேண்டும். யாருடைய தவறு? என்னுடைய தவறு! கைதட்டாதீர்கள், இன்னும் நான் சொல்லவே இல்லை.

போன ஜூன் மாதம். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஐந்தாவது மாடி. வீட்டுவேலை செய்து பிழைக்கும் அங்காளம்மாள் அக்காவின் கணவர் இறந்துவிட்டார். வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற அவருக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கணவரின் தம்பிக்கோ அந்த வீட்டின் மேல் ஒரு கண். அக்காவுக்குக் காலில் மாவுக்கட்டு. படி இறங்க முடியாது. ஆகவே நானும் என் குமாஸ்தா ஜெபகுமாரும் மாடி ஏறினோம். கைரேகை வாங்கினேன். முத்திரை வைத்தேன். கையெழுத்திட்டேன். நான்கே நிமிடம்! என் வேகத்தை நினைத்து நானே பெருமைப்பட்டுக்கொண்டு இறங்கினேன்.

புதன்கிழமை பத்திரம் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. பிளாக் எண் தவறு. எப்படி? அதே குடியிருப்பில் இன்னொருவருக்கு அடித்த பழைய கோப்பைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றியிருந்தார் ஜெபகுமார். பழைய கோப்பைத் திற, பெயரை மாற்று, பிரிண்ட் போடு! இந்தப் பழக்கம் இல்லாத மேசை நம் தொழிலில் உண்டா? பின்வரிசையில் தலை குனியும் தோழரே, பரவாயில்லை, நிமிருங்கள்.

வியாழக்கிழமை மறுபடி மாடி ஏறினோம். ஜெபகுமார் வழக்கம் போல ஆரம்பித்தார்.

"அக்கா, விசிட்டிங் சார்ஜ் மறுபடி ஐந்நூறு ஆகும்."

"இன்னா சார், ஒரே பேஜாரா கீது! நம்பர மாத்தி அடிச்சது நீ. துட்டு நான் குடுக்கணுமா?"

"அன்னிக்கே பாத்துச் சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

அங்காளம்மாள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வக்கீலம்மா, எனுக்கு எழுத்து தெரியாது. அதுக்குத்தான உன்ன இட்டாந்தேன். உனுக்குத் தெரியும்ல? நீ ஏம்மா படிக்கல?"

நீதிபதிகளின் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் நான். இப்படி ஒரு கேள்வியை அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை! படித்த சட்டமெல்லாம் தலையில் இருந்தது. படிக்க வேண்டிய ஒரே பக்கம் கையில் இருந்தது. நான் படிக்கவில்லை.

புதிய பத்திரத்தை எடுத்தேன். தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக, உரக்க வாசித்தேன். பாதியில் என் கையைப் பிடித்தார்.

"இரும்மா. அவுரு பூட்டது பதினாலாந்தேதி. பதினஞ்சி இல்ல."

இறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். பதினான்குதான்! அன்றும் வாசிக்காமல் முத்திரை குத்தியிருந்தால் பத்திரம் மறுபடி திரும்பியிருக்கும்; கடைசி நாளும் போயிருக்கும். ஜெபகுமார் ஐந்து மாடி இறங்கி ஓடினார். புதுத் தாளோடு ஏறி வந்தார். வெள்ளிக்கிழமை காலை அந்தப் பத்திரம் ஏற்கப்பட்டது. இன்று வீடு அங்காளம்மாள் பெயரில் இருக்கிறது. கொழுந்தனார் இப்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறாராம்!

இதிலிருந்து பிறந்ததுதான் நம் விதி. வாசித்துக் காட்டாமல் முத்திரை இல்லை. தவறு எங்களுடையதானால் மறுவருகைக்குக் கட்டணம் இல்லை. தவறு உங்களுடையதானால் கட்டணம் உண்டு. எவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிடுவோம்.

நண்பர் ஷ்யாம்சுந்தர் சங்கக் கூட்டத்தில் கேட்டார்: "மேடம், பெட்ரோல் யார் போடுவா?" நியாயமான கேள்வி. நம் தவறுக்கு நாமே போடுவோம் சார்! ஒரு மாதம் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுப் பாருங்கள், மறுமாதம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசிப்பீர்கள். அவரும் சிரித்தார், அவரும் கையெழுத்திட்டார்.

உழைப்புக்குக் கூலி கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. பல்லாவரத்தில் தோல்பைக் கடை வைத்திருக்கும் பஷீரா அக்கா தன் பிறந்த வருடத்தையே தவறாகச் சொல்லிவிட்டு, "தப்பு என்னுது மேடம், வாங்கிக்கோங்க" என்று மறுவருகைக் கட்டணத்தைக் கையில் திணித்தார். வாங்கினேன். நிமிர்ந்து நின்று வாங்கினேன்! ஆனால் நம் கவனக்குறைவை ஏழையின் கணக்கில் எழுதுவது கூலியா? அதைக் கட்டணம் என்று கூப்பிடலாமா?

இன்று நாற்பத்தொரு மேசைகளுக்கு மேல் இந்த விதி தொங்குகிறது. யாரும் கட்டளையிடவில்லை, நாமே நமக்கு விதித்துக்கொண்டோம். இதைவிடப் பெருமை இந்தத் தொழிலுக்கு வேறென்ன வேண்டும்?

தாய்மார்களே! இனி எங்களில் யாராவது வாசிக்காமல் முத்திரையைத் தூக்கினால், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்த உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாற்பத்தொரு பேரும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டோம்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், என்னைப் பேசவிட்ட தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் சொல்லி அமர்கிறேன். வணக்கம்.